கீர்த்தி பிரமாணமாகுமா?

பேர்பெற்ற வைத்திய நிபுணர்கள் கூடித் தம் அனுபவத்தைத் திரட்டி எழுதிய சிகிச்சை வழிகாட்டியை மேலும் பரீட்சிப்பது வீண்வேலை என்பது கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஒருங்கே கேட்கும் வாதம். அது செல்லாது.

முதலாவதாக, பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றுகையில் ஒவ்வாமையைத் தடுக்குமென்று அனுபவத்தின் பேரால் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெத்தசீனும், இலங்கையில் 1,007 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான பரிசோதனையில் பயனற்றுப்போக, சிறு அளவு அட்ரினலினே கடும் ஒவ்வாமையைக் குறைத்ததன்றோ? படுவான்கரை வயலில் கடியுண்டு வருபவனுக்கு நிபுணரின் கீர்த்தியா மருந்து?

இரண்டாவதாக, ஆறு பிரிவுகளில் 23 அம்சங்களை வகுத்து வழிகாட்டிகளை மதிப்பிடும் 'அக்ரீ 2' என்னும் அளவுகோல், ஆதாரம் எவ்விதம் தேடப்பட்டது, எழுதியவர்களுக்குச் சொந்த நலன் ஏதும் உண்டா என்று விசாரிப்பதை அவமதிப்பு என்கிறார்கள். கணக்கைக் காட்டச் சொன்னால் கோவில் வண்ணக்கரும் அப்படித்தான் கோபிப்பார்.

மூன்றாவதாக, 'அக்ரீ 2' இல் உயர்ந்த புள்ளி பெற்றதாலேயே பரிந்துரை சரியென்று சாதிப்போருக்கும் ஒரு வார்த்தை: அவ்வளவுகோல் வழிகாட்டி ஆக்கப்பட்ட முறையையும் எழுதப்பட்ட ஒழுங்கையும் அளக்குமேயன்றி, இந்தியப் பாம்புகளின் விஷத்தைக்கொண்டு ஆக்கிய மருந்து நம் நாட்டுக் கண்ணாடி விரியனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அளக்கமாட்டாது, அதை நம் வாட்டுகளில்தான் ஆராயவேண்டும்.