ஊதா வெளுத்தால் போதுமா?

“மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது. ஆன்டிஆக்சிடென்ட் நிறைய இருக்கிறது என்று ஆய்வகமே சொல்லிவிட்டது.” இந்தப் பேச்சை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அதனால் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஆய்வகத்தில் நடப்பது என்ன? டி.பி.பி.எச். என்னும் ஊதாக் கரைசலில் இலைச் சாற்றைக் கலந்து, அரை மணி நேரம் இருட்டில் வைப்பார்கள். ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதை ஒளிமானியில் அளப்பார்கள். எலுமிச்சைச் சாறும் தேநீரும்கூட அதை வெளுக்கச் செய்யும். அந்தக் கண்ணாடிக் குழாயில் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. பெரும்பாலும் சாறு எடுப்பதே மெத்தனாலில்தான். நம் வீட்டில் காய்ச்சுவதோ தண்ணீரில்.

உடலுக்குள் போனால் கதை மாறும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. ஆன்டிஆக்சிடென்ட் என்று கொண்டாடப்பட்ட பீட்டா கரோட்டினைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது.

“எலிக்குக் கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்பது அடுத்த வாதம். வழக்கமான முதல் சோதனையில் கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே முறை கொடுத்து, 14 நாள் பார்ப்பார்கள். உடனே கொல்லும் நஞ்சை அது காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் குடிப்பவரின் சிறுநீரகம் என்னாகும் என்று அது சொல்லாது. அதற்கு 90 நாள் சோதனையாவது வேண்டும். உறுப்புகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கவும் வேண்டும்.

“தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே?” சேராங்கொட்டையை நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்று விதித்தது சித்த மருத்துவம்தான். செடியிலும் நஞ்சு உண்டு என்பது நம் வைத்தியர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மெல்லக் கொல்வதை அனுபவம் மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு களை, பால்கன் நாடுகளின் கோதுமை வயல்களில் முளைக்கும். அதன் விதை தானியத்தோடு அரைபட்டு ரொட்டியில் கலந்தது. டான்யூப் படுகைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் பழுதானது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. 1950-களிலேயே மருத்துவர்கள் பதிவு செய்த அந்த நோய்க்கு அந்த விதையிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலமே காரணம் என்பதற்கு வலுவான சான்று 2007-இல்தான் கிடைத்தது. அந்த ரொட்டியைத் தின்றவர்களின் அனுபவம் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.