யொரூபாக்களும் சீட்டுப் பிடித்தார்கள்

கூட்டுறவு என்றால் 1844, இங்கிலாந்தின் ரொச்டேல் ஊர், 28 பேர். நாங்கள் படித்ததும் அதுதான், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். பிழையில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், சேர்ந்து வாழும் கணக்கையே வெள்ளைக்காரன்தான் உலகத்துக்குப் படிப்பித்தான் என்று பிள்ளை நினைக்கும். ஆபிரிக்கா என்றால் பஞ்சமும் சண்டையும் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளை அது.

இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களை எடுங்கள். பிரித்தானியர் ஆட்சிக்கு முன்பே அவர்களிடம் 'எசுசு' இருந்தது. குறித்த நாளில் எல்லோரும் ஒரே அளவு காசு போடுவார்கள். மொத்தமும் ஒருவருக்குப் போகும், அடுத்த முறை இன்னொருவருக்கு. நம்ம ஊர்ப் பெண்கள் பிடிக்கிற சீட்டேதான்! யொரூபாவரான சாமுவேல் ஜோன்சன் 1897இல் எழுதி முடித்த தன் மக்களின் வரலாற்றில் இதை விவரித்திருக்கிறார். ஆள் கூடினால் குழுவைப் பல 'பாதை'களாகப் பிரித்து, பாதைக்கு ஒரு பொறுப்பாளரை வைப்பார்கள். தலைவருக்கு எல்லோரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தன் பாதையில் உள்ளவர்களைப் பொறுப்பாளருக்குத் தெரிந்தால் போதும்.

யொரூபாக்களின் காசு அப்போது சோகி. மாலைதீவுக் கடலில் எடுத்த சோகி மேற்கு ஆபிரிக்கா வரைக்கும் காசாக ஓடியது. நம்ம நாட்டுக்கும் வந்துபோன இப்னு பதூதா, மாலைதீவிலும் பிறகு மாலியிலும் சோகி புழங்கியதைச் சொல்லியிருக்கிறார்.

உழைப்புக்கும் முறை வைத்திருந்தார்கள். 'ஆரோ' என்றால் இன்று உன் தோட்டம், நாளை என் தோட்டம். வாங்கிய உழைப்பை உழைப்பாகவே திருப்ப வேண்டும். 'ஓவே' வேறு. வீடு கட்டுவது போன்ற பெரிய வேலைக்கு ஆட்களைக் கூப்பிடுவது அது, கூப்பிட்டவர் சாப்பாடு கொடுப்பார்.

"அந்தக் காலத்து மனிசருக்கு நல்ல மனசு" என்று இதைக் கேட்டு உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல மனசை மட்டும் நம்பினால் முதலில் எடுத்தவர் காசோடு போய்விடுவார், இரண்டாம் சுற்றில் சீட்டு உடையும். இதை ஓடவைத்தது கணக்கு, முறை, ஊருக்குள் முகம் காட்ட வேண்டும் என்ற வெட்கம். அதனால்தான் 'பொம்பளைங்கட சீட்டு' என்று நம்மவர்கள் இளக்காரமாகச் சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. அது ஒரு நிறுவனம். கடிதத் தலைப்பும் முத்திரையும் இல்லை, அவ்வளவுதான்.

அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தார்கள். இந்த முறையைப் பறிக்க முடியவில்லை. திரினிடாட்டில் இன்றும் அது 'சுசு', பஹாமாஸில் 'அசூ'.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது ரொச்டேலுக்குப் பக்கத்தில் எசுசுவையும் எழுதுங்கள். உம்மா சீட்டுப் பிடிக்கிற பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். யார் முதலில் எடுப்பது, ஒருவர் கட்டாவிட்டால் என்ன செய்வது என்பதை அந்தப் பிள்ளையையே கரும்பலகைக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள்.