நான்காண்டுகளில் எதை வாசிப்பது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் கான்சர்ட் பேண்டு குறித்த விவாதங்களில் ஓயாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு மாணவன் பள்ளியை விட்டுச் செல்வதற்குள் அவசியம் வாசித்திருக்க வேண்டிய படைப்புகள் எவை? இலக்கியம் பயிற்றும் எனக்கு இது அயலான கேள்வி அன்று. பாடத்திட்டத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று நாம் நடத்தும் வழக்கின் மறுவடிவமே இது. தமிழில் நூலையும் வாசிக்கிறோம், குழலையும் வாசிக்கிறோம். இரண்டு வாசிப்புக்கும் அளவுகோல் பெரிதும் ஒன்றே என்பது என் எண்ணம்.

கான்சர்ட் பேண்டு என்பது வயலின் குடும்பத்தைப் பெரும்பாலும் விலக்கி, ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா முதலிய காற்றுக்கருவிகளும் தாளக்கருவிகளும் சேர்ந்து அரங்கில் அமர்ந்து வாசிக்கும் குழு. தெருவில் அணிவகுத்துச் செல்லும் பேண்டுக்கு உடன்பிறப்பு. சிம்பொனி இசைக்குழுவுக்கு மொசார்ட்டும் பீத்தோவனும் வைத்துவிட்டுப் போன கருவூலம் இதற்கு வாய்க்கவில்லை. நடை இசையையும், பிற படைப்புகளின் தழுவல்களையுமே நெடுங்காலம் நம்பியிருந்தது. இதற்கென்றே எழுதப்பட்ட தரமான படைப்புகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எனவே இங்கே செவ்வியல் என்று சொல்லப்படுவதும் நம் பாட்டனார் காலத்ததே.

இத்துறையில் போட்டிகளின் செல்வாக்கு மிகப் பெரிது. 1923இல் சிகாகோவில் நடந்த தேசியப் பள்ளி பேண்டுப் போட்டிக்குப் பின்னணியில் இருந்தவர்கள் இசைக்கருவி உற்பத்தியாளர்கள். அன்று தொடங்கிய போட்டி மரபு இன்றும் வலுவாக இருக்கிறது. டெக்சஸ் போன்ற மாநிலங்களில் போட்டிக்குரிய படைப்புகளுக்கென்றே பட்டியல் உண்டு. பொதுவாகப் படைப்புகள் 1 முதல் 6 வரை கடினத்தின்படி தரம் பிரிக்கப்படுகின்றன. ஆசிரியருக்கு இது பயனுள்ள வழிகாட்டி என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடினம் வேறு, மேன்மை வேறு. சொல்லடுக்கு மிகுந்த செய்யுளெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை. சந்தைக்கு வரும் புதிய படைப்புகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஆரவாரமான தொடக்கம், நடுவே சிறிது உருக்கம், மீண்டும் ஆரவாரம். மதிப்பெண் கிடைத்துவிடும், மனத்தில் ஒன்றும் தங்காது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக நான்காண்டு. பல வாரங்கள் பழகி மேடையேற்றும் பெரிய படைப்புகளை அதற்குள் எண்ணிவிடலாம். பள்ளியோடு கருவியை மூடி வைத்துவிடுபவர்கள் பலர். அவர்களுக்கு அந்தச் சில படைப்புகளே வாழ்நாள் முழுவதற்குமான இசை. அவற்றுள் ஒன்று வெற்றுச் சரக்காகப் போனாலும் இழப்பு பெரிது. ஆகவே பட்டியல் நீளமாக இருக்கத் தேவையில்லை. என் தெரிவு நான்கு.

முதலாவது, குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் சூட்'. ஹோல்ஸ்ட் டிராம்போன் கலைஞராகப் பிழைத்தவர், பள்ளி ஆசிரியர். எந்தக் கருவி எப்படிப் பேசும் என்பது அவருக்கு உள்ளிருந்து தெரியும். முதல் பகுதியான ஷகோனில், டியூபாவும் யூஃபோனியமும் எட்டு அளவுகளில் ஒரு மெட்டைத் தொடங்கிவைக்கின்றன. அந்த மெட்டே கருவி மாறி, நிறம் மாறி, ஓரிடத்தில் தலைகீழாகவும் திரும்பி, பகுதி முழுவதையும் தாங்குகிறது. பெரும்பாலும் பின்னால் அமர்ந்து துணைக்கு ஒலிக்கும் டியூபா மாணவன் இங்கே வீட்டின் அடித்தளம் ஆகிறான். ஒரு சிறு கருவிலிருந்து ஒரு படைப்பு முழுவதும் எப்படி விளையும் என்பதை இதைவிட எளிதாகக் கற்பிக்கும் பாடம் அரிது.

இரண்டாவது, டாரியஸ் மியோவின் 'சூட் ஃபிரான்சேஸ்'. மியோ பிரெஞ்சு யூதர். 1940இல் நாஜிப் படைகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்து கலிஃபோர்னியாவில் ஆசிரியப் பணி ஏற்றவர். பள்ளி பேண்டுகளுக்கேற்ற படைப்பு வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டபோது, நார்மண்டி, பிரிட்டனி, இல் த பிரான்ஸ், அல்சாஸ்-லொரைன், புரோவான்ஸ் என்னும் ஐந்து பகுதிகளின் பெயரில் ஐந்து சிறு இயல்களை எழுதினார். நேச நாட்டுப் படைகளும் பிரெஞ்சு எதிர்ப்பாளர்களும் தம் நாட்டின் விடுதலைக்காகப் போரிட்ட நிலங்கள் அவை. தந்தையரும் தமையன்மாரும் போரிடும் மண்ணின் நாட்டுப்பாடல்களை அமெரிக்கப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 1945இல் அது அரங்கேறியது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவரும் படைப்பு வேறெது?

மூன்றாவது, பெர்சி கிரெய்ஞ்சரின் 'லிங்கன்ஷயர் போசி' (1937). தேர்ந்த குழுக்களுக்கே இது கைவரும். கிரெய்ஞ்சர் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் முதிய பாடகர்களைத் தேடிச் சென்று, 1906 முதல் ஃபோனோகிராஃப் கருவியிலும் பதிவுசெய்தார். பாடகர் இழுத்த இழுப்பையும் தாளம் பிறழ்ந்த இடத்தையும் அவர் 'திருத்த'வில்லை. அதனாலேயே தாள அளவு அடிக்கடி மாறுகிறது. ஓரிடத்தில் நடத்துநரின் கைக்கே ஒழுங்கான தாளம் இல்லை. எழுத்தறியாத ஒருவரின் மூச்சுக்கு நூறு மாணவர்கள்கூடப் பணிந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. நாட்டுப்பாடலை யாப்புக்கு ஏற்பச் செப்பனிட்டு அச்சேற்றும் பதிப்பாசிரியர்கள் கவனிக்க வேண்டிய படைப்பு இது.

நான்காவது, ஃபிராங்க் டிகெலியின் 'அமெரிக்கன் எலிஜி'. 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்றே உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக எழுதப்பட்ட இதனை, மறு ஆண்டு ஏப்ரலில் அந்தப் பள்ளியின் பேண்டே முதன்முதலில் வாசித்தது. மேடைக்கு அப்பாலிருந்து தனியே ஒரு டிரம்பெட் ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. விரல் வேகத்தால் அதை வெல்ல முடியாது.

நால்வரும் வெள்ளை ஆண்கள்தானே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 2015இல் கொல்லப்பட்ட ஒன்பது கறுப்பின மக்களுக்காக ஓமர் தாமஸ் எழுதிய 'ஆஃப் அவர் நியூ டே பிகன்' போன்ற படைப்புகள் அந்தக் குறையை உணர்த்துகின்றன. மாணவரின் முணுமுணுப்பும் காலடியோசையும்கூட அதில் இசையாகின்றன. பட்டியலின் கதவைத் திறந்தே வைப்போம். ஆனால் நுழைவதற்குரிய தகுதி ஒன்றாகவே இருக்கட்டும்: வாசித்து முடித்த பின்னும் அது பிள்ளையின் உள்ளே ஒலிக்க வேண்டும்.

திரையிசைத் தொகுப்புகளை வாசித்தால் பிள்ளைகள் மகிழ்கிறார்களே என்பர் சிலர். மகிழட்டும். வார இதழ்த் தொடர்கதையை நாமும்தான் படித்தோம். அதற்காக அதைப் பாடநூல் ஆக்கவில்லை. பிள்ளைக்குப் பிடித்ததை அவன் தானே தேடிக்கொள்வான். தானாகத் தேடிப் போக மாட்டாத இடத்திற்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்லவே ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இவ்விசைக்குப் புதியவர்கள் ஹோல்ஸ்டின் ஷகோனிலிருந்து தொடங்கலாம். ஏறத்தாழ ஐந்து நிமிடமே. முதலில் டியூபாவை மட்டும் கேளுங்கள்.