மந்தாரக்குப்பம் போகலாமா?

பட்டணம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளை வழியனுப்பிவைத்தது நேற்றைய தமிழகம். பட்டணத்தில் பிழைக்க முடியவில்லையே, வேறு ஊர் உண்டா என்று கேட்கிறது இன்றைய தமிழகம். வாங்கும் சம்பளத்தில் பெரும்பங்கை வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பள்ளிக் கட்டணத்துக்கும், தண்ணீர் லாரிக்கும், மருந்துக் கடைக்கும் பங்கிடும் குடும்பத் தலைவன், மாதக் கடைசியில் தன் கையைத் தானே பார்த்துக்கொள்கிறான். பொழுது விடிந்தால் இரண்டு மணி நேரப் பயணம், பொழுது சாய்ந்தால் மீண்டும் இரண்டு மணி நேரம்! உழைப்பது எட்டு மணி. உழைக்கப் போய்வருவது நான்கு மணி. அவன் சிற்றூரை எண்ணிப் பெருமூச்செறிவதிலே வியப்பென்ன இருக்கிறது?

"சின்ன ஊருக்குப் போய்விடலாமா?" என்ற இந்தக் கேள்வியைக் கணவனும் மனைவியும் இரவில் கணக்குப் போட்டு முடிக்கட்டும், நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. எந்த ஊர் வாழும், எந்த ஊர் வாடும் என்பதைத் தீர்மானிப்பது அரசியல். ஆகவேதான், தோழர்களே, ஓர் ஊரை எடுத்துவைத்துக்கொண்டு அதன் நன்மை தீமைகளை எடைபோட விரும்புகிறேன். கடலூர்–விருத்தாசலம் சாலையில், நெய்வேலி நகரியத்தின் ஓரத்திலே, கெங்கைகொண்டான் பேரூராட்சிக்குள் இருக்கும் மந்தாரக்குப்பம் அந்த ஊர்.

ஏன் அதை எடுத்தேன்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான சிறுநகர வாழ்வை அங்கே காணலாம் என்பதால்.

1930களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீரூற்றுக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அவர் தம் நிலத்தை அள்ளிக் கொடுத்ததும், காமராசர் ஆட்சிக்காலத்தில் அத்திட்டம் உருப்பெற்றதும், 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவானதும், 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததும், சோவியத் நாட்டின் துணையோடு எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியதும் நம்மில் பலர் அறிந்த வரலாறு. முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்போன செம்மண் காட்டில் ஒரு நகரம் முளைத்தது. வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்புகள், அகன்ற சாலைகள், இருமருங்கும் மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை, விளையாட்டுத் திடல், நூலகம்! 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர்.

இதை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஆலை கட்டும் முதலாளி தொழிலாளிக்கு வீடு கட்டுவது அரிது. மரம் நடுவது அதனினும் அரிது. இலாபத்தை மட்டும் கணக்கில் வைத்திருந்தால் நெய்வேலியில் குடிசைப் பகுதிதான் வளர்ந்திருக்கும். பொதுத்துறை என்பதால்தான் சுரங்கத்தில் இறங்குபவன் பிள்ளையும் பொறியாளர் பிள்ளையும் ஒரே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிதிவண்டியில் போக முடிந்தது. சிறுநகரம் என்றால் வசதிக் குறைவு என்று முகஞ்சுளிப்போர், வசதியைத் தருவது ஊரின் அளவு அன்று, பொதுப்பணம் எங்கே செலவாகிறது என்பதுதான் என்ற உண்மையை அங்கே போய்க் கண்டுகொள்ளட்டும்.

ஆனால், அந்த அழகு நகரியத்தில் வீடு யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்கு. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பதாண்டு முருங்கை வளர்த்து, மல்லிகைப் பந்தல் போட்டு, பெண்ணுக்குத் திருமணம் முடித்த வீட்டை விட்டு அறுபது வயதில் வெளியேற வேண்டும். எங்கே போவது? சென்னையில் மகன் இருக்கும் இரண்டறை அடுக்ககத்துக்கா? பிறந்த ஊருக்கா? அங்கே பங்காளிகள் முகமே மறந்துபோயிருக்கும். இந்த இடத்தில்தான் மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் என்னும் பெயர்கள் குடும்பப் பேச்சில் வருகின்றன. ஒரு மனை வாங்கி, ஒரு வீடு கட்டி, பழகிய மருத்துவரையும் பழகிய கடைத்தெருவையும் விடாமல் இருந்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள்.

நகரியத்திலிருந்து வருபவருக்கு மந்தாரக்குப்பத்துத் தெரு குறுகலாகத்தான் தோன்றும். சாக்கடை, புழுதி, லாரி இரைச்சல், நெரிசல், எல்லாம் உண்டு. எனினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நகரியத்தை நடத்துவது நிறுவனத்தின் நகர நிர்வாகம். மந்தாரக்குப்பத்தை நடத்துவது மக்கள் வாக்களித்து அமர்த்தும் பேரூராட்சி மன்றம். அங்கே விளக்கு எரியாவிட்டால் விண்ணப்பம் எழுத வேண்டும். இங்கே விளக்கு எரியாவிட்டால் மன்ற உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். அங்கே இருப்பவர் நல்ல வீட்டின் குடியிருப்பாளர். இங்கே இருப்பவர் சுமாரான ஊரின் குடிமகன். இரண்டில் எது மேல் என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்லுவேன். சாலையைச் செப்பனிடப் போராடலாம். உரிமையற்ற இடத்தில் எதை வைத்துப் போராடுவது?

வாடகை குறைவு, காய்கறி மலிவு, பள்ளி பக்கம் என்பனவற்றை நான் விளக்க வேண்டியதில்லை. இடர் வந்தால் அண்டை வீட்டார் ஓடி வருவர். அதே அண்டை வீட்டார்தான் உங்கள் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வருகிறாள் என்றும் எண்ணிக்கொண்டிருப்பர்! சாதி கேட்டு வீடு கொடுக்கும் பழக்கம் சிற்றூரில் இன்னும் சாகவில்லை. மாநகரில் அது மறைந்து கேட்கும். இங்கே வாய்விட்டே கேட்கும். கடும் நோய் கண்டால் புதுச்சேரி ஜிப்மருக்கு ஓட வேண்டும். பட்டம் பெற்ற மகளுக்கு உள்ளூரில் ஏற்ற வேலை கிடைப்பது கடினம். இவற்றை மறைத்துவிட்டுச் சிற்றூரின் பெருமை பாடுவோர், பெரும்பாலும் சிற்றூரில் குடியிருப்பவர் அல்லர்.

ஆனால் இவையெல்லாம் சிறு கணக்கு. பெரிய கணக்கு வேறு. ஒரே ஓர் ஆலையை நம்பி நிற்கும் ஊர், அந்த ஆலையின் ஆயுளைத்தான் தன் ஆயுளாகக் கொண்டிருக்கிறது.

அருகிலுள்ள வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நெய்வேலியில் 1962இல் மூட்டிய முதல் அனல்மின் நிலையமோ 2020இல் அணைந்துவிட்டது. வயதாகிவிட்டது, நிறுத்தினார்கள்; 1,000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் வந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் புதிய நிலையத்துக்குப் பழைய நிலையத்தின் அளவுக்கு ஆள் தேவைப்படுமா? நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறும் இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறார். ஒரே சுரங்கம், ஒரே வெப்பம், ஒரே ஆபத்து. ஊதியம் மட்டும் வேறு வேறு. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன்கள் அடுத்தடுத்து வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டபோது, தீ அவர்களை நிரந்தரம், ஒப்பந்தம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பணி நிரந்தரம் கேட்டு மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்கத்தின் வாயிலருகே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பாதுகாப்புப் படைக் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். மந்தாரக்குப்பத்துக் கடைத்தெருவில் பணம் புழங்குகிறதா இல்லையா என்பது இந்தத் தொழிலாளியின் சட்டைப்பையைப் பொறுத்தது. பங்குச் சந்தையைப் பொறுத்ததன்று.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் போன தமிழர் பாறையைக் குடைந்து வளர்த்த ஊர் அது. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. ஊர் மூடப்படவில்லை, ஆனால் அதன் இளைஞர்கள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். செருமனியில் ஹோயர்ஸ்வெர்டா என்றோர் ஊர். அதுவும் பழுப்பு நிலக்கரியால் வளர்ந்ததுதான். 1950களில் திட்டமிட்டுப் பெருக்கப்பட்டதுதான். 1980களில் 70,000 பேர் அளவுக்கு வளர்ந்தது, இருசெருமனிகளும் இணைந்து ஆலைகள் மூடப்பட்டபின் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. ஆளில்லாத அடுக்ககங்களை அரசே இடித்தது. நம் ஊரின் உடன்பிறப்பு அது. அதன் கதையை நாம் படிக்காமல் யார் படிப்பது?

நெய்வேலி நிறுவனம் அழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது உத்தரப்பிரதேசத்தில் மின் நிலையம் கட்டுகிறது. ஒடிசாவில் நிலக்கரி வெட்டுகிறது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. 2016இல் பெயரையே என்.எல்.சி. இந்தியா என்று மாற்றிக்கொண்டது. பெயரிலிருந்து நெய்வேலி ஓரெழுத்தாகச் சுருங்கிவிட்டது! நிறுவனம் எங்கும் போய்ப் பிழைத்துக்கொள்ளும். ஊரால் எங்கே போக முடியும்?

ஊர் கைகட்டி நின்றதில்லை என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2006இல் பங்கு விற்பனைக்கு மத்திய அரசு முனைந்தபோது தமிழகம் எதிர்த்தது, விற்பனை நின்றது. 2013இல் மீண்டும் முனைந்தபோது, தமிழக அரசின் நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கித் தனியார் கைக்குப் போகாமல் காத்தன. ஆட்சியில் இருந்தவர் வேறு வேறு. எழுந்த குரல் ஒன்றுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தத் தராசு பொய்த் தராசு ஆகிவிடும். சுரங்கம் நீள நீள ஊருக்கு ஆயுள் கூடுகிறது. அந்த ஆயுளை விலை கொடுத்து வாங்குபவர் யார்? 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் ஏறின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். இருக்கட்டும், கதிர் முற்றும்வரை காத்திருக்க முடியாத அவசரம் எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? சுரங்கத்தில் நீர் புகாமல் இருக்க இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். தானாகப் பீறிட்டு வந்த ஊற்றுகளால் அறியப்பட்ட மண்ணில், சுற்றுக் கிராமத்து உழவன் நீர்மட்டம் தாழ்ந்தது என்று முறையிடுகிறான். ஆகையால் அங்கே மனை வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்றோடு நிற்கக் கூடாது. சுரங்க விரிவாக்கத்தின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

அப்படியானால் போகலாமா, கூடாதா? ஓய்வூதியம் உடையவர் போகலாம். கைத்தொழில் தெரிந்தவர், ஆசிரியர், செவிலியர், கடை வைக்கும் துணிவுடையவர் போகலாம். "ஆலையில் எப்படியாவது வேலை கிடைத்துவிடும்" என்ற நம்பிக்கை ஒன்றை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவரை நான் தடுப்பேன். நிலம் கொடுத்தவன் பிள்ளைக்கே நிரந்தர வேலை கிடைக்காமல் வரிசை நீண்டு கிடக்கிறது; அந்த வரிசையின் வாலில் போய் நிற்பது அறிவன்று, அறமும் அன்று.

போகிறவர்கள் அங்கே நம் கிளைக்கழகத்தில் பெயர் கொடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். 2024இல் விழுப்புரத்துக்கும், சேலத்துக்கும், தஞ்சைக்கும் சிறு டைடல் பூங்காக்கள் வந்தன. நிலக்கரி இருக்கும்போதே இரண்டாவது தொழில் ஒன்று நெய்வேலிப் பக்கம் ஏன் வரக் கூடாது என்று பேரூராட்சி மன்றத்தில் கேட்க வைப்பது அந்தக் கிளையின் முதல் வேலையாக இருக்கட்டும். தீர்மானத்தின் நகல் சென்னைக்கும் போகட்டும், தில்லிக்கும் போகட்டும்.