ஒரு வீட்டை மட்டும் திரும்பக் கட்ட முடியுமா?

அடுக்குமாடி வீட்டை எவ்வளவு தொகைக்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இந்திய நகரங்களில் மூன்று விடைகள் புழங்குகின்றன. வாங்கிய விலைக்கு என்கிறார் முகவர். கடன் தொகைக்கு என்கிறார் வங்கி அலுவலர். இத்தனை காலம் என்ன நடந்துவிட்டது, காப்பீடே எதற்கு என்கிறார் வீட்டுக்காரர். மூன்றும் பிழை. ஆயினும் கல்விப்புலம் மூன்றாமவரை மட்டுமே பிடித்துக்கொண்டு, ‘விழிப்புணர்வின்மை’ என்று பெயர் சூட்டி ஆய்வுக்கட்டுரை எழுதுகிறது. முதலிருவரின் அறியாமைக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.

மும்பையில் 900 சதுர அடி வீடொன்றின் விலை 2 கோடி ரூபாய் என்றும், கட்டும் செலவு சதுர அடிக்கு 3,000 ரூபாய் என்றும் கொள்வோம். கட்டுமானச் செலவு 27 லட்சம். எஞ்சிய 1 கோடியே 73 லட்சத்தின் பெரும்பகுதி நிலத்துக்கும் அது அமைந்த இடத்துக்கும் தரப்பட்ட விலை. நிலம் தீயில் எரிவதில்லை. கட்டடம் விழுந்த பின்னும் உரிமையாளரின் பிரிபடாத நிலப்பங்கு பத்திரத்தில் அப்படியே இருக்கும். காப்பீடு என்பது இழப்பை ஈடுசெய்யும் ஒப்பந்தம். 2 கோடிக்குப் பிரீமியம் கட்டியவருக்கும் திரும்பக் கட்டும் செலவுக்கு மேல் கிடைக்காது. கடன் தொகையோ வங்கியின் இடரை அளக்கும் எண். கடன் குறையக் குறையக் கட்டடம் சுருங்குவதில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ இக்குழப்பத்தில் பாதியைத் தீர்த்தது. வீட்டின் கார்பெட் பரப்பைக் கட்டுமானச் செலவு விகிதத்தால் பெருக்கினால் வருவதே காப்பீட்டுத் தொகை. உண்மை மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்தவரின் இழப்பீட்டை அதே விகிதத்தில் வெட்டும் பழைய விதியும் இதில் கைவிடப்பட்டது. இவை நல்ல திருத்தங்கள். ஆனால் கார்பெட் பரப்பில் வெளிச்சுவர் சேராது. மாடிப்படியும் லிஃப்டும் அடித்தளமும் சேரா. வீட்டுக்காரர் அறிவிக்கும் விகிதத்துக்குள் அவற்றின் பங்கும் ஏற்றப்படாவிட்டால், அவர் காப்பீடு செய்திருப்பது தாங்குவாரற்ற ஓர் அறையை.

மீதிப் பாதி இன்னும் கடினமானது. 2001 ஜனவரி 26 அன்று கச்சில் நேர்ந்த நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டுத் தூண்கள்மேல் எழுப்பப்பட்டவை அவற்றுள் பல. அத்தகைய கட்டடமொன்றில் மூன்றாம் மாடிக்காரர் மட்டும் சரியான தொகைக்குக் காப்பீடு செய்திருந்தார் எனக் கொண்டால், அவர் கையில் பணம் இருக்கும். ஆனால் இரண்டாம் மாடி எழாமல் மூன்றாம் மாடி எழாது. தனிக் காப்பீடு பயனற்றது என்பதன்று: சமையலறைத் தீ ஒரு வீட்டோடு நின்றால் அதுவே கைகொடுக்கும். முழுக் கட்டடமும் வீழும்போதோ, ஒருவரின் முன்யோசனை அடுத்தவரின் அலட்சியத்துக்குப் பணயமாகிறது.

கூட்டு நன்மைக்குத் தனித்தனியே எவரும் போதிய அளவு செலவிடமாட்டார் என்று மான்கர் ஓல்சன் 1965இலேயே வாதிட்டார். அதை வகுப்பறையில் கற்பிப்போரே, அடுக்குமாடிக் காப்பீடு என்று வந்ததும் தனிமனித உளவியலுக்குத் தாவுவது விந்தை. சிங்கப்பூரிலும் நியூ சவுத் வேல்ஸிலும் முழுக் கட்டடத்துக்கும் காப்பீடு செய்வது உரிமையாளர்களின் கூட்டமைப்புக்குச் சட்டக் கடமை. அங்குள்ளோர் பிறவியிலேயே இடருணர்வு மிக்கவர்கள் என எவரும் வாதிடுவதில்லை. இந்தியாவிலோ, 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 16ஆம் பிரிவு கட்டுமான நிறுவனத்தின்மீது காப்பீட்டுக் கடமையைச் சுமத்திவிட்டு, எந்தக் காப்பீடு என்பதை மாநில அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிடுகிறது. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள் கட்டடத்தைக் காப்பீடு செய்யச் சொல்கின்றன. ஆண்டுப் பேரவையில் அதைக் கேட்பதற்கு ஒருவர் எழ வேண்டியிருக்கிறது.

அப்படி எழுபவர் கேட்க வேண்டியவை எளியவை. பொது இடங்கள் உட்படக் கட்டடத்தின் மொத்தக் கட்டுமானப் பரப்பு எவ்வளவு? இன்றைய விலையில் அதை எழுப்ப என்ன ஆகும்? இடிபாடுகளை அகற்ற, பாரத் கிரிஹ ரக்ஷா இழப்பீட்டில் 2 விழுக்காடு வரையே தருகிறது. பத்து மாடிக் கட்டடத்துக்கு அது போதுமென எந்தப் பொறியாளர் கையொப்பமிடுவார்? இந்தக் கணக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறதா?

முகப்புக்கு வண்ணம் பூசுவதற்கு மூன்று கூட்டங்கள் நடத்தும் சங்கம், இக்கேள்விகளுக்கு ஒரு கூட்டத்தையேனும் ஒதுக்கட்டும். ‘இந்தியர் ஏன் காப்பீடு செய்வதில்லை’ என்று அடுத்த வினாப்பட்டியலைத் தயாரிப்போரும், முதல் வினாவைத் தனி வீட்டுக்காரரிடம் கேட்குமுன் சட்டத்திடம் கேட்கட்டும்.