மல்லாட்டைக்கு மருந்து அடிச்சியான்னு மட்டும் கேட்டா போதுமா?

சென்னையிலேர்ந்து ஆரணிக்குப் பட்டு எடுக்க வர்றவங்க, சரிகையில வெள்ளி எவ்வளவு, பட்டு அசலா கலப்பான்னு கடைக்காரரைக் குடைஞ்சு எடுப்பாங்க. தப்பில்ல, காசு கொடுக்கறவங்க கேக்கத்தான் வேணும். அதே கார் திரும்பிப் போற வழியில நின்னு அஞ்சு கிலோ மல்லாட்டை வாங்கும் (உங்க பாஷையில வேர்க்கடலை). அங்க ஒரே கேள்விதான்: "மருந்து அடிச்சதா?" இல்லைன்னா முகம் மலர்ந்துடும். காய் எப்படிக் காஞ்சது, எத்தனை நாள் மழையில கிடந்ததுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

மருந்தே அடிக்காத மல்லாட்டையிலயும் விஷம் இருக்கலாம். பேரு அஃப்லடாக்சின். அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்ங்கற பூசணம் உண்டாக்கறது, முழுக்க முழுக்க இயற்கை! கல்லீரல் புற்றுநோய் வரவைக்கும். 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி செத்தப்போதான் இது வெளியில தெரிஞ்சது. அதுங்க தின்னது மல்லாட்டைப் புண்ணாக்கு. 1974ல ராஜஸ்தான், குஜராத் கிராமங்கள்ல மழையில நனைஞ்ச மக்காச்சோளம் தின்னு நூறு பேருக்கு மேல செத்தாங்க. வேகவெச்சாலும் வறுத்தாலும் இது முழுசாப் போகாது.

சாப்பிடத் தயாரா இருக்கற கடலைக்கு நம்ம சட்டம் வெச்சிருக்கற வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். அதாவது 100 டன்னுல 1 கிராம். ஐரோப்பாக்காரன் 4க்கு மேல விடமாட்டான். அங்க போற மூட்டைக்குச் சோதனை உண்டு. உங்களுக்கு வர்ற மூட்டைக்கு?

"விவசாயி சரியா காயவைக்கல"ன்னு சுலபமா சொல்லிடறாங்க. காய் முத்தற நேரத்துல மழை பொய்ச்சா மண்ணுக்குள்ளயே பூசணம் ஏறிடும். பிடுங்கினா ஐப்பசி மழை. களம் கிடையாது, தார்ரோட்டுலதான் காயப்போடறோம். அப்படியும் காயவெச்சுக் கொடுத்தா, மிஷின்ல உடைக்கும்போது பயிறு நொறுங்கக் கூடாதுன்னு காய் மேல தண்ணி தெளிக்கற வழக்கம் வியாபாரத்துல இருக்கு. காயவெச்ச எனக்கு எடை குறையுது, நனைச்சவனுக்குக் கூடுது. இந்தக் கணக்குல யார் ஒழுங்கா காயவைப்பான்?

சொத்தைப் பயிறு செக்குக்குப் போகும், புண்ணாக்கு மாட்டுக்குப் போகும், மாட்டுலேர்ந்து பாலுக்கு வரும். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல எடுத்த பால் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டு மாதிரி 551ல 88ல இது வரம்பைத் தாண்டியிருந்தது. நாட்டுலயே நாமதான் முதலிடம். மரச்செக்கு மோகத்துல இருக்கறவங்களும் கேட்டுக்கங்க. ரீஃபைண்ட் எண்ணெய்க்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா அதைச் சுத்திகரிக்கும்போது இந்த விஷமும் பெரும்பாலும் போயிடுது, செக்கு எண்ணெய்ல போகாது. அப்போ செக்குல போடற பயிறு எவ்வளவு சுத்தமா இருக்கணும்?

சோதிக்கறது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்ல. புற ஊதா விளக்குல நீலமா ஒளிர்றது பி, பச்சையா ஒளிர்றது ஜி, இப்படித்தான் அந்த விஷத்துக்கே பேரு வெச்சாங்க. இன்னிக்கு சில நிமிஷத்துல காட்டற பட்டையே இருக்கு. சிக்கல் மாதிரி எடுக்கறதுலதான். ஒரு மூட்டையில நாலு பயிறு மட்டும் விஷமா இருக்கும், மீதி சுத்தம். மேலாக ஒரு கைப்பிடி அள்ளினா மாட்டாது. பல இடத்துல குத்தி எடுத்து, மொத்தமா அரைச்சுப் பாக்கணும். அதுக்கு ஆளும் செலவும் வேணும். அதை விவசாயி தலையில கட்டாம ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துலயே செய்யட்டும். களமும் உலர்த்தியும் போடட்டும்.

நீங்களும் மரச்செக்கான்னு கேக்கறதோட நிக்காதீங்க. பயிறு சோதிச்ச சீட்டு எங்கேன்னு கடையில கேளுங்க. மொதல்ல சிரிப்பாங்க. சீட்டு இருக்கற மூட்டைக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடக் கிடைச்சா, தார்ப்பாயை நானே வாங்கிக்கறேன்.