பதினைந்து நாளும் வாழ்நாளும்

தைராய்டு புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டவரிடம் மருத்துவர்கள் முதலில் கூறும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றே: "இது நல்ல புற்றுநோய்." இக்கூற்றில் உண்மை உண்டு. பாப்பிலரி வகையைச் சேர்ந்த, தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட கட்டிகளால் இறப்போர் மிகச் சிலரே. ஆயினும் "நல்ல" என்னும் அந்த அடைமொழி நோயாளியின் அச்சத்தைத் தணிப்பதோடு நிற்பதில்லை. சிகிச்சைக்குப் பிந்தைய பொறுப்புணர்வையும் சேர்த்தே தணித்துவிடுகிறது. நாற்பது வயதில் அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு முன்னால் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்திய மருத்துவ அமைப்பிடம் தெளிவான விடை இல்லை.

தைராய்டு சுரப்பி முழுவதும் அகற்றப்பட்ட உடல், அதன் ஹார்மோனை இனி மாத்திரையாகவே பெற வேண்டும். லெவோதைராக்சின் நாள்தோறும் வெறும் வயிற்றில் விழுங்கப்பட வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பிகூட ஆகாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அறுவையின்போது பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டிருந்தால் கால்சியம் குறைந்து, விரல்நுனியும் உதடும் மரத்துப்போகும். குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மும். வகுப்பறையில் நின்று பேசிப் பிழைக்கும் ஆசிரியைக்கு அது தொழில் சார்ந்த இழப்பு. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுவதால் மகப்பேறும் இக்கணக்கில் சேர்கிறது. கதிரியக்க அயோடின் பெற்ற பெண் குறைந்தது ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கருவுற்றபின் மாத்திரையின் அளவு பெரும்பாலும் கூட்டப்பட வேண்டும். இவற்றுள் எதுவும் அறுவை முடிந்த வாரத்தோடு முடிவதில்லை.

இந்த நீண்ட வாழ்வை வழிநடத்துவது ஓர் ஆய்வக எண். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், எஞ்சியிருக்கக்கூடிய புற்றணுக்களையும் தூண்டக்கூடியது. ஆகவே நோய் திரும்பும் அபாயம் மிகுந்தவருக்கு அதனை 0.1-க்கும் கீழே அடக்கி வைப்பது வழக்கம். அபாயம் குறைந்தவருக்கு, சிகிச்சை நன்கு பலித்திருந்தால், 0.5 முதல் 2 வரை இருப்பதே போதும். இனி அந்த நோயாளி தன் ஊரில் சளிக்கோ சர்க்கரைக்கோ மருத்துவரிடம் செல்கிறார் என்று கொள்வோம். டிஎஸ்எச் 0.08 என்று ஆய்வறிக்கை காட்டுகிறது. புற்றுநோய் வரலாற்றை அறியாத மருத்துவர் மாத்திரையின் அளவு மிகுந்துவிட்டதாகக் கருதிக் குறைக்கிறார். அவர் செய்தது பிழையன்று. அந்த எண் வேண்டுமென்றே அவ்வாறு வைக்கப்பட்டது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறானதும் நிகழ்கிறது. அபாயம் குறைந்த ஒருவர், எவரும் மறுபரிசீலனை செய்யாமையால், ஆண்டுக்கணக்கில் மிகை அளவு மாத்திரையை விழுங்குகிறார். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வதும் அதன் விளைவுகள். எண் ஒன்றே, பொருள் இரண்டு. எப்பொருள் சரி என்பதை அறிந்தவர் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனையில் இருக்கிறார்.

இத்தொலைவு தற்செயலானதன்று. கதிரியக்க அயோடினைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும், கழிவுநீரைத் தேக்கிவைக்கும் தொட்டிகளோடு கூடிய தனிமை அறைகளும் தேவை. 1963-இல் மும்பையில் தொடங்கப்பட்ட கதிர்வீச்சு மருத்துவ மையத்திற்குப் பின் பல நகரங்களில் இவ்வசதி வந்துள்ளது. ஆயினும் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் இல்லை. சிகிச்சை நகரத்தில் குவிந்திருப்பதைத் தொழில்நுட்பம் நியாயப்படுத்துகிறது. கண்காணிப்பும் அங்கேயே குவிந்திருப்பதற்கு அத்தகைய நியாயம் ஏதுமில்லை. டிஎஸ்எச் பரிசோதனைக்கு ஒரு குப்பி இரத்தம் போதும். அதற்காக ஒருவர் இரவெல்லாம் தொடர்வண்டியில் பயணம் செய்து இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

பணத்தின் கணக்கும் இதே வடிவத்தில் அமைந்துள்ளது. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு அளிக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் துணை என்பதில் ஐயமில்லை. ஆனால் மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் அத்திட்டம் ஏற்கும் செலவு 15 நாட்களுக்கு உரியது. அதன்பின் தொடங்கும் புறநோயாளி வாழ்க்கை, அதாவது மாத்திரை, இரத்தப் பரிசோதனை, கழுத்துப் பகுதியின் அல்ட்ராசவுண்ட், பயணச் செலவு ஆகியவை நோயாளியின் கைப்பொறுப்பு. அரசு அளவெடுப்பது பதினைந்து நாள். நோய் அளவெடுப்பது வாழ்நாள்.

லெவோதைராக்சின் மலிவானது, அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலிலும் உள்ளது, பிறகு என்ன குறை என்று கேட்கலாம். மாத்திரை மலிவானதே, அதன் அளவைத் தீர்மானிக்கும் அறிவு மலிவானதன்று. நோய் திரும்புகிறதா என்பதை உணர்த்தும் தைரோகுளோபுலின் பரிசோதனை சிற்றூர்களில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆய்வு முறைக்கு முறை முடிவு வேறுபடுவதால் ஒரே முறையில் தொடர்ந்து செய்தாலன்றிப் பயன் குறைவு. மேலும், எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் என்பதும் தீர்வாகாது. அபாயம் குறைந்தவருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்காணிப்பைத் தளர்த்தலாம். தேவையற்ற ஊடுகதிர்ப் படங்கள் பணத்தை மட்டுமன்றி மன அமைதியையும் தின்கின்றன. எவருக்கு எவ்வளவு என்பதை எழுதி வைப்பதே நல்ல கண்காணிப்பின் இலக்கணம்.

எனவே வேண்டுவது பெரிய கட்டடமன்று. ஒரு பக்கக் கடிதம். நோயின் வகையும் நிலையும், அகற்றப்பட்டவை, பெற்ற கதிரியக்க அயோடினின் மில்லிகியூரி அளவு, இலக்காகக் கொண்ட டிஎஸ்எச், அந்த இலக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டிய ஆண்டு, எந்த அறிகுறி தோன்றினால் திரும்பி வர வேண்டும் என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் நோயாளியின் தாய்மொழியிலும் அமைய வேண்டும். அக்கடிதத்தை ஏற்று ஆரம்ப சுகாதார நிலையம் மாத்திரையும் டிஎஸ்எச் பரிசோதனையும் தர வேண்டும். பதினான்கு இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் நடைமுறைக்கு வந்துவிட்டது. அக்கணக்கில் இலக்கு எண் பதிவாகாதவரை அது வெறும் ஆவணக் கிடங்கே.

இன்று அந்த ஆவணக் கிடங்காக இருப்பவர் நோயாளியே. மங்கிய அறிக்கைகளை நெகிழிப் பையில் சுமந்து, புதிதாகச் சந்திக்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் தன் வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தெரிந்தவர் தப்பிக்கிறார். சொல்லத் தெரியாதவருக்கும் அதே புற்றுநோய்தான் வந்தது. அவருக்கும் அது "நல்ல"தாக அமைய வேண்டுமானால், அந்த நன்மை அவருடைய சொல்வன்மையைச் சார்ந்திருக்கக் கூடாது.